உரம் மாறினால் பாசி மாறும்

நூறு கிலோ தேயிலைத் தூள் ஆலையை விட்டு வெளியேறும்போது, அதோடு ஏறத்தாழ 4 கிலோ நைட்ரஜனும் மலையிறங்கிப் போகிறது. கொழுந்தின் புரதத்திலும் காஃபீனிலும் அமினோ அமிலங்களிலும் சேர்ந்திருந்த தழைச்சத்து அது. மண் அதைத் தானாக ஈடுகட்டிக்கொள்வதில்லை. யாராவது உரமாகத் திரும்பக் கொண்டுவந்து போட வேண்டும். பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியதிலிருந்து இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்து வருகிறது. சரிவுகளில் உரம் தூவியவர்களிலும் கொழுந்து கிள்ளியவர்களிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இருந்திருக்கிறார்கள். உரம் மாறினால் கொழுந்து மாறும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்த உண்மை.

தூவிய உரம் முழுவதும் செடிக்குப் போய்ச் சேர்வதில்லை. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் மலை இது. கரைந்ததும் அரித்ததுமாக ஒரு பங்கு பெர்த்தாம் ஆற்றில் இறங்கி, ரிங்லெட்டில் 1963-இல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் அணையின் தேக்கத்தில் போய் நிற்கிறது. அங்கே அதை உண்ணக் காத்திருக்கும் உயிர்களில் முக்கியமானது நுண்பாசி. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இருநூறு செல்களை வரிசையாக நிறுத்திவிடலாம், அவ்வளவு சிறியது.

அதே நுண்பாசியைத்தான் உலகெங்கும் தொட்டிகளிலும் கண்ணாடிக் குழாய்களிலும் பயிராக வளர்க்கிறார்கள். மனிதருக்குப் புரத உணவாகச் சுருள்பாசி, இறால் குஞ்சுகளுக்குத் தீனியாகக் கீட்டோசெரஸ், எண்ணெய்க்கும் சத்து மாத்திரைக்கும் குளோரெல்லா என்று பட்டியல் நீள்கிறது. இவற்றை வளர்ப்பவர்கள் எல்லாரும் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என்ன உரம், எந்த வடிவத்தில், எவ்வளவு, எப்போது நிறுத்துவது? பாசி எவ்வளவு வளரும் என்பதோடு, அதன் உடல் எதனால் ஆனதாக இருக்கும் என்பதையும் இந்தக் கேள்விக்கான விடைதான் முடிவு செய்கிறது.

தேயிலை சொல்லும் விதி

தேயிலைச் செடி அமில மண்ணை விரும்பும். நைட்ரேட்டைவிட அம்மோனியத்தை அதிகம் விரும்பி எடுக்கும். வேர் எடுத்த அம்மோனியத்தின் ஒரு பகுதி தியனைன் என்ற அமினோ அமிலமாகிக் கொழுந்துக்கு ஏறுகிறது. தேநீரின் மென்மையான சுவைக்கு அது ஒரு காரணம். கொழுந்தில் வெயில் பட்டால் தியனைன் சிதைந்து, துவர்ப்புத் தரும் பாலிஃபீனால்கள் உருவாகப் பயன்படுகிறது. தழைச்சத்து தாராளமாக இருந்தால் இலையில் அமினோ அமிலங்களும் புரதமும் மிகும். தழைச்சத்து குறைந்து வெயில் மட்டும் மிகுந்தால், கார்பனை மட்டுமே கொண்டு கட்டக்கூடிய பொருள்களின் பங்கு கூடும்.

நுண்பாசியிலும் இதே விதிதான். ஆனால் தேயிலையில் பருவக் கணக்கில் நடப்பது பாசியில் சில நாள்களில் நடந்துவிடும். மாற்றத்தின் வீச்சும் மிகப் பெரியது. 1949-இல் அமெரிக்காவின் கார்னகி நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்போரும் மில்னரும் குளோரெல்லாவை வெவ்வேறு சூழல்களில் வளர்த்து, உலர்ந்த பாசியைப் பகுத்துப் பார்த்தார்கள். அதன் கொழுப்பின் அளவு ஒரு முனையில் 4.5 விழுக்காடு, மறுமுனையில் 85 விழுக்காடு. தழைச்சத்து நிறைவாக இருந்தபோது உடலில் பாதிக்கு மேல் புரதமாக இருந்த பாசி, அது தீர்ந்தபின் ஒளியில் விடப்பட்டபோது கொழுப்பு மூட்டையாக மாறியிருந்தது. விலங்குகளிலோ வயலில் விளையும் பயிர்களிலோ இப்படி ஒரு மாற்றத்தை எதிர்பார்க்கவே முடியாது.

காரணம் சிக்கலானதல்ல. ஒளி விழுந்துகொண்டிருக்கும்வரை செல் கார்பனைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கார்பனோடு நைட்ரஜன் சேர்ந்தால்தான் புரதமும் மரபணுப் பொருளும் பச்சையமும் உருவாகும். செல் இரண்டாகப் பிரியும். நைட்ரஜன் இல்லையென்றால் பிரிவது நிற்கிறது. பிடித்த கார்பன் மாவுப்பொருளாகவோ கொழுப்பாகவோ உள்ளேயே சேர்கிறது.

ஒரு கிலோ பாசிக்கு என்ன வேண்டும்?

நன்றாக ஊட்டிய நுண்பாசியின் உலர் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன், 7 விழுக்காடு நைட்ரஜன், 1 விழுக்காடு பாஸ்பரஸ். அதாவது, ஒரு கிலோ உலர்ந்த பாசி கிடைக்க 1.8 கிலோ கரியமில வாயுவும், 70 கிராம் நைட்ரஜனும், 10 கிராம் பாஸ்பரஸும் அதற்குள் போயிருக்க வேண்டும். கடலின் மிதவை உயிர்களை ஆராய்ந்த ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு கண்ட விகிதமும் இதையொட்டியதுதான்: 106 கார்பன் அணுக்களுக்கு 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ்.

அந்த 70 கிராம் நைட்ரஜனை எதிலிருந்து கொடுப்பது? சோடியம் நைட்ரேட்டில் நைட்ரஜன் 16.5 விழுக்காடு, எனவே 425 கிராம் வேண்டும். அம்மோனியம் சல்பேட்டில் 21 விழுக்காடு; 333 கிராம் போதும். யூரியாவில் 46 விழுக்காடு; 152 கிராமே போதும். விலையை மட்டும் பார்த்தால் யூரியாதான் என்று உடனே கை நீளும். ஆய்வுக்கூடங்களோ பெரும்பாலும் சோடியம் நைட்ரேட்டைத்தான் பயன்படுத்துகின்றன. பிஜி-11 என்ற பெயர்பெற்ற வளர்ப்பு ஊடகத்தில் லிட்டருக்கு 1.5 கிராம் இருக்கிறது. அதில் உள்ள நைட்ரஜன் லிட்டருக்கு ஏறக்குறைய 3.5 கிராம் பாசி வளரப் போதும். போல்டு என்பவர் பெயரால் வழங்கும் ஊடகத்தில் 0.25 கிராம்தான்; அரை கிராமைச் சற்றுத் தாண்டியதும் பாசி பட்டினியைத் தொட்டுவிடும். இரண்டு ஊடகங்களில் ஒரே பாசியை வளர்த்து, பத்தாம் நாள் கொழுப்பை அளந்து, ஊடகம்தான் வேறுபாட்டுக்குக் காரணம் என்று சொல்பவர், ஒன்று வயிறு நிறைந்த பாசி, மற்றது பட்டினிப் பாசி என்பதைக் கவனிக்கத் தவறக்கூடும்.

மூன்று வடிவங்கள், மூன்று விளைவுகள்

பாசிக்கு நைட்ரேட் நெல் என்றால், அம்மோனியம் சோறு. நைட்ரேட்டை அப்படியே புரதமாக்க முடியாது. முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அம்மோனியமாகவும் ஒடுக்க வேண்டும். ஒவ்வொரு நைட்ரேட்டுக்கும் எட்டு எலெக்ட்ரான்கள் செலவாகும்; அத்தனையும் ஒளியிலிருந்து சேர்த்த ஆற்றல். அம்மோனியத்துக்கு அந்தச் செலவு இல்லை. நேராகக் குளுட்டமினாகி, பிற அமினோ அமிலங்களுக்குக் கைமாறுகிறது. அதனால் இரண்டும் கலந்திருக்கும் நீரில் பெரும்பாலான பாசிகள் முதலில் அம்மோனியத்தைத் தீர்த்துவிட்டுத்தான் நைட்ரேட்டின் பக்கம் திரும்புகின்றன.

அப்படியானால் அம்மோனியம்தானே சிறந்தது? குடுவைக்குள் நடப்பதைப் பார்த்தால் தயக்கம் வரும். அம்மோனிய அயனி ஒன்று உள்ளே போகும்போது ஹைட்ரஜன் அயனி ஒன்று வெளியே வருகிறது. அம்மோனியம் சல்பேட்டில் வளரும் குளோரெல்லாவுக்கு முதல் இரண்டு மூன்று நாள் வளர்ச்சி வேகமாக இருக்கும். பிறகு நீரின் பி.எச். 7-லிருந்து 4-க்குக் கீழே சரியும். பச்சை வெளிறும், வளர்ச்சி நிற்கும். நீரில் நைட்ரஜன் இன்னும் மீதமிருந்தும் பாசியால் எடுக்க முடியாது. அந்தக் கட்டத்தில் மேலும் உரம் கொட்டுவதால் ஒரு பயனும் இல்லை. அமிலத்தைச் சரிசெய்ய வேண்டும். இதே வேதியியல்தான் தேயிலைச் சரிவிலும் நடக்கிறது. அம்மோனிய உரம் ஆண்டாண்டாக மண்ணை அமிலமாக்குகிறது. தேயிலைக்கு ஓரளவு அமிலம் பிடிக்கும். மண்ணுக்கும் தாங்கும் திறன் உண்டு. ஒரு லிட்டர் குடுவைக்கு அந்தத் திறன் இல்லை.

நைட்ரேட்டில் இதற்கு நேர்மாறு. பாசி அதை எடுக்க எடுக்கப் பி.எச். மெல்ல உயரும், கரியமில வாயுவைச் செலுத்தினால் கீழே இறங்கும். வாயுவைத் திறந்து மூடியே கட்டுக்குள் வைத்துவிடலாம். ஆய்வுக்கூடங்கள் நைட்ரேட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இந்த நிதானம் ஒரு பெரிய காரணம்.

சுருள்பாசிக்கு அம்மோனியத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 1966-இல் சாரூக் வகுத்த ஊடகத்தில் லிட்டருக்கு 16.8 கிராம் சமையல் சோடா, 2.5 கிராம் சோடியம் நைட்ரேட். சோடாதான் அங்கே கார்பன் உணவு, பி.எச். அளவை 9-க்கும் மேலே வைத்து வேறு உயிர்களை அண்டவிடாமல் காப்பதும் அதுவே. அந்தக் காரத்தன்மையில் அம்மோனியத்தின் பெரும்பங்கு அம்மோனியா வாயுவாக மாறும். அது செல்லுக்குள் தடையின்றிப் புகுந்து ஒளிச்சேர்க்கையையே முடக்கும். எஞ்சியது காற்றில் போய்விடும். எனவே சுருள்பாசித் தொட்டியில் யூரியாவைச் சேர்க்க விரும்புகிறவர்கள் ஒரேயடியாகக் கொட்டாமல், பாசி உண்ணும் வேகத்துக்கேற்பச் சிறிது சிறிதாக விட வேண்டும். யூரியா நீரில் சிதைந்து தருவதும் அம்மோனியாதான். மலிவான உரம், ஆனால் கவனம் கேட்கும் உரம்.

பட்டினி தரும் எண்ணெயும் அதன் விலையும்

1978 முதல் 1996 வரை அமெரிக்க எரிசக்தித் துறை நுண்பாசியிலிருந்து வாகன எரிபொருள் எடுக்கும் ஆய்வுத் திட்டம் ஒன்றை நடத்தியது. சுமார் 3,000 பாசி வகைகளைத் திரட்டினார்கள். பச்சைப் பாசிகளுக்கு நைட்ரஜனை நிறுத்தியும், மணற்சத்தால் ஓடு கட்டும் டயாட்டம்களுக்குச் சிலிக்கனை நிறுத்தியும் கொழுப்பைக் கூட்டிப் பார்த்தார்கள். கொழுப்பின் விழுக்காடு ஏறியது. மொத்தக் கொழுப்பு ஏறவில்லை. பட்டினியில் வளர்ச்சி சரிந்ததே காரணம்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு மாதிரிக் கணக்குப் போதும். நிறைவாக ஊட்டிய தொட்டி நாளொன்றுக்கு லிட்டருக்கு 1 கிராம் வளர்ந்து, அதில் 15 விழுக்காடு கொழுப்பு இருந்தால் 150 மில்லிகிராம். பட்டினித் தொட்டி 0.3 கிராம் மட்டும் வளர்ந்து, 45 விழுக்காடு கொழுப்பு இருந்தால் 135 மில்லிகிராம். விழுக்காடு மூன்று மடங்கு. கையில் கிடைப்பதோ குறைவு. பாசி எண்ணெயைப் பற்றி வரும் பரபரப்பான செய்திகளைப் படிக்கும்போது நாம் கேட்க வேண்டியது இதைத்தான்: விழுக்காட்டைச் சொல்லிவிட்டீர்கள், லிட்டருக்கு நாளொன்றுக்கு எத்தனை மில்லிகிராம்?

பட்டினி பயனற்றது என்று இதற்குப் பொருளல்ல. அதை உரிய நேரத்தில் வைக்க வேண்டும். ஹீமடோகாக்கஸ் என்ற பாசியை முதலில் நைட்ரஜன் நிறைவாகத் தந்து பச்சையாகப் பெருக்குகிறார்கள். பிறகு சத்தை நிறுத்திக் கடும் ஒளியில் விடுகிறார்கள். செல்கள் அஸ்டாசாந்தின் என்ற நிறமியைச் சேர்த்து இரத்தச் சிவப்பாகின்றன. சால்மன் மீனின் நிறத்துக்கும் சத்து மாத்திரைக்கும் போகும் விலையுயர்ந்த பொருள் அது. உப்பளங்களில் வாழும் டுனாலியெல்லாவும் இப்படியே பீட்டா கரோட்டினைச் சேர்க்கிறது. பொருளின் விலை உயர்வாக இருந்தால் வளர்ச்சியை இழப்பது கட்டுப்படியாகும்.

சுருள்பாசியிலோ பட்டினி நேரடி நட்டம். நன்கு வளர்ந்த சுருள்பாசியில் 55 முதல் 70 விழுக்காடு புரதம். நைட்ரஜன் தீர்ந்ததும் அது முதலில் தன் நீல நிறமியான ஃபைகோசயனினைச் சிதைத்து அதிலிருந்து நைட்ரஜனை மீட்டுக்கொள்கிறது, மாவுப்பொருள் கூடுகிறது. தொட்டியின் நீலப்பச்சை மஞ்சள் கலந்த பச்சையாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த நிறமாற்றத்தைக் காணும் வளர்ப்பாளர் புரதம் குறையத் தொடங்கிவிட்டது என்று உடனே அறிந்துகொள்ள வேண்டும்.

மணிச்சத்தும் நுண்சத்துகளும்

பாஸ்பரஸ் விஷயத்தில் பாசியின் போக்கு வேறு. கிடைக்கும்போது தேவைக்கு மேல் எடுத்து, பாலிபாஸ்பேட் மணிகளாகச் செல்லுக்குள் சேர்த்துவைக்கிறது. ஆகவே நீரில் பாஸ்பேட் தீர்ந்துவிட்டது என்று சோதனை காட்டினாலும், சேமிப்பைக் கொண்டே பாசி மேலும் சில தலைமுறை பெருகிவிடும். கழிவுநீரிலிருந்து பாஸ்பேட்டை உறிஞ்சி எடுக்க இந்தப் பழக்கம் பெரிதும் உதவுகிறது.

நுண்சத்துகள் சிறிதளவே தேவை. ஆனால் அவை இல்லாமல் பெரிய உரங்கள் வேலை செய்யா. நைட்ரேட்டை ஒடுக்கும் நொதிக்கு மாலிப்டினமும் இரும்பும் வேண்டும். யூரியாவைப் பிளக்கும் யூரியேஸ் நொதிக்கு நிக்கல் வேண்டும். நைட்ரஜன் மூலத்தை மாற்றும்போது நுண்சத்துப் பட்டியலையும் மறுபடி பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

தேயிலைத் தோட்டத்திலேயே பாசிக்கும் சத்துக்கும் உள்ள உறவைக் காட்டும் இன்னொரு சாட்சி இருக்கிறது. செந்துரு நோயை உண்டாக்குவது பூஞ்சையல்ல. செஃபலூரோஸ் என்ற பாசி. சாம்பல்சத்துக் குறைந்து நலிந்த செடிகளில்தான் அது அதிகம் தாக்குகிறது. பொட்டாஷ் உரத்தைச் சரியாகக் கொடுப்பது செந்துருவைத் தடுக்கும் வழிகளில் ஒன்று.

கழிவே ஊட்டமாகும்போது

மலேசியாவில் நுண்பாசிக்கான மிகப் பெரிய உரக்கிடங்கு செம்பனை ஆலைகளின் கழிவுநீர். ஒரு டன் கச்சாப் பனையெண்ணெய்க்கு ஏறக்குறைய 3 டன் கழிவுநீர் வருகிறது. அதில் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் எல்லாம் உண்டு. ஆனால் அப்படியே பாசியை விட்டால் பிழைக்காது. நீர் கரும்பழுப்பு, ஒளி சில சென்டிமீட்டர்கூட இறங்காது. பி.எச். 4-ஐ ஒட்டிய அமிலம். எனவே முதலில் காற்றில்லாக் குளத்தில் பாக்டீரியாக்களைக் கொண்டு செரிக்கவைத்து, மீத்தேனைப் பிரித்து, தெளிந்ததை நீர்க்கச் செய்து, அதன்பிறகே பாசிக்குக் கொடுக்கிறார்கள். கரிமப் பொருளில் கட்டுண்டிருந்த நைட்ரஜன் அந்தச் செரிமானத்தில்தான் அம்மோனியமாக விடுபடுகிறது.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பாங் சியூ மொய் தலைமையில் ரப்பர் ஆலைக் கழிவிலும், சவ்வரிசி மாவு ஆலைக் கழிவிலும், சாய நீரிலும் நுண்பாசி வளர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். செரித்த சவ்வரிசிக் கழிவில் சுருள்பாசி வளர்த்த ஆய்வு 2000-இல் வெளியானது. நீரிலிருந்த அம்மோனியத்திலும் பாஸ்பேட்டிலும் 99 விழுக்காட்டுக்கு மேல் நீங்கியது. கிடைத்த பாசியில் புரதமும் குறையவில்லை. கழிவு என்பதால் பாசியின் தரம் தாழ வேண்டியதில்லை; விகிதம் சரியாக அமைந்தால் போதும் என்று அது காட்டியது.

கார்பனின் மூலத்தை மாற்றினாலும் உடல் மாறும். சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் ஒரு குளோரெல்லா வகையை இருட்டில், குளுக்கோஸ் கொடுத்து, நைட்ரஜனைக் குறைத்து வளர்த்தார்கள். 2006-இல் வெளியிட்ட முடிவில், அதன் எடையில் 55 விழுக்காடு கொழுப்பு. ஒளியில் வளர்ந்த அதே வகையில் இருந்ததைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. பச்சையம் மறைந்து செல்கள் மஞ்சளாகியிருந்தன.

கழிவில் வளர்ப்பதற்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பாசி தனக்கு வேண்டியதை மட்டும் எடுப்பதில்லை. செம்பு, துத்தநாகம், காட்மியம் எல்லாவற்றையும் செல்லில் பிடித்துவைக்கும். கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் அதிகம் புழங்கும் கோழி எரு நல்ல தழைச்சத்துதான். ஆனால் தீவனத்தின் வழியாக அதில் செம்பும் துத்தநாகமும் சேர்ந்திருக்கும். நோய்க் கிருமிகளும் இருக்கும். எருவிலும் கழிவிலும் வளர்ந்த பாசியை வயலுக்கு உரமாக்கலாம், எரிபொருளாக்கலாம். மனிதர் உண்ணும் பாசியைச் சுத்தமான உப்புகளில்தான் வளர்க்க வேண்டும். இந்த எல்லைக்கோடு விட்டுக்கொடுக்கக் கூடாதது.

ரிங்லெட் கேட்கும் கேள்வி

வளர்ப்புத் தொட்டியில் நாம் திட்டமிட்டுச் செய்வது, ஏரியில் திட்டமில்லாமல் நடக்கிறது. மலேசியத் தேசிய நீர் ஆய்வுக் கழகம் 2005-இல் 90 ஏரிகளை மதிப்பிட்டபோது, 56 ஏரிகள் சத்து மிகுந்து கெட்டநிலையில் இருந்தன. ரிங்லெட் தேக்கத்தின் கொள்ளளவில் கணிசமான பங்கை வண்டல் பிடித்துக்கொண்டிருக்கிறது. வண்டலோடு வருவது மண் மட்டுமல்ல. மலையின் அமில மண்ணில் பாஸ்பேட் இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொண்டு மண்துகளாகவே இறங்குகிறது. நைட்ரேட்டோ மழைநீரில் கரைந்து வருகிறது. ஒன்றைத் தடுக்க மண்ணரிப்பை நிறுத்த வேண்டும். மற்றொன்றைத் தடுக்க உரமிடும் அளவையும் நாளையும் திருத்த வேண்டும்.

எதை முதலில் பிடிப்பது? 1973-இல் கனடாவின் ஒன்டாரியோவில் டேவிட் ஷிண்ட்லரின் குழு 226 என்ற எண் கொண்ட ஏரியை நடுவில் திரை கட்டிப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் இட்டார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி பாசி மண்டிப் பச்சையானது. மற்றது தெளிவாகவே இருந்தது. பல நாடுகளில் சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்கு இந்தச் சோதனை வலுச்சேர்த்தது. ஆனால் எல்லா ஏரியும் ஒன்றல்ல. ஒவ்வொரு நீருக்கும் தனியாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்கும் முறை எளியது. 1971-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை வரைமுறையாகவே வெளியிட்டது. கேமரன் மலைப் பள்ளி மாணவர்களும் ஆசிரியரின் துணையோடு செய்துபார்க்கலாம். ஏரி நீரை மெல்லிய துணியில் வடிகட்டி நான்கு கண்ணாடிப் புட்டிகளில் ஊற்ற வேண்டும். ஒன்றில் எதுவும் சேர்க்கக் கூடாது. இரண்டாவதில் சிறிது நைட்ரேட், மூன்றாவதில் சிறிது பாஸ்பேட், நான்காவதில் இரண்டும். எல்லாவற்றிலும் ஒரே அளவு பச்சைப்பாசி நீரை விட்டு, நேர்வெயில் படாத சன்னலருகே ஒரு வாரம் வைத்து, தினமும் குலுக்கிவிட வேண்டும்.

நைட்ரேட் புட்டி பச்சையானால் அந்த நீரில் குறைவது நைட்ரஜன். பாஸ்பேட் புட்டி பச்சையானால் குறைவது பாஸ்பரஸ். எது குறைகிறதோ, இனி ஏரிக்கு வரவிடக் கூடாததும் அதுதான். நான்காவது மட்டும் பச்சையானால் இரண்டும் சேர்ந்தே கட்டுப்படுத்துகின்றன. எதுவும் சேர்க்காத புட்டியே நான்காவதற்கு ஈடாகப் பச்சையானால், ஏரியில் இரண்டும் மிதமிஞ்சி இருக்கின்றன என்று பொருள். மலைமேல் தேயிலைக்கும் காய்கறிக்கும் காசு கொடுத்து வாங்கிய உரம் கீழே பாசிக்கு உணவாகிக்கொண்டிருக்கிறது. அப்போது செய்ய வேண்டிய வேலை ஏரியில் இல்லை. படிக்கட்டு வயல்களின் வெற்று மண்ணை மூடுவதும், கனமழைக்கு முன் உரம் தூவாமல் இருப்பதும், ஒரே தடவையில் கொட்டுவதைப் பல தவணையாகப் பிரிப்பதும் சரிவிலேயே முடிக்க வேண்டிய வேலைகள். அவற்றால் மிச்சமாகும் உரச்செலவு தோட்டக்காரரின் கையில் நிற்கும். ஏரி நீரும் தெளிய வழி கிடைக்கும்.